நிக்கீதாஸின் கரும்பலகை

விரலை எச்சிலில் நனைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார் நிக்கீதாஸ். கண்ணை மூடி ஒரு கணம் நின்றார். பிறகு முக்காலியில் ஏறினார். கால் ஒன்று குட்டையான முக்காலி. மகள் ஃபோதினி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அருங்காட்சியகக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய கரும்பலகையில் அவர் மூன்று வரி எழுதினார். ஒரு கடற்கரை, ஒரு கிராமம், ஒரு அருங்காட்சியகம். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

கப்பலில் வந்தவர்களை ஏற்றிவரும் பேருந்து அந்தச் சதுக்கத்தில்தான் நிற்கும். இறங்கியதும் அன்றைக்கு எங்கே போகலாம் என்று பலகையைப் பார்ப்பார்கள். மூன்றாவது வரி என்றைக்கும் மாறாது. அவர் சாவி வைத்திருந்த இரண்டு அறை அருங்காட்சியகம்தான். இரண்டாவது வரி, அவருக்கு யாரோடு சண்டை என்பதைப் பொறுத்தது. மலைமேல் ஊரில் இருக்கும் மைத்துனரோடு பேச்சு நின்றுபோன வருடம் முழுக்க அந்த ஊர் பலகைக்கு வரவில்லை. முதல் வரியைக் காற்று தீர்மானித்தது. வடக்கிலிருந்து அடித்தால் தெற்குக் கரைகளில் ஏதாவது ஒன்று. தெற்கிலிருந்து அடித்தால் ஒரே பெயர்: கறுப்புக்கல் குடா. அன்றைக்கு அந்தக் குடாவின் செங்குத்துப் பாறைக்குக் கீழே தண்ணீர், தட்டில் ஊற்றிய எண்ணெய் போல அசையாமல் கிடக்கும்.

தீவிலேயே நல்ல கடற்கரை எது என்று யாராவது கேட்டால் முகம் சுளிப்பார்.

"நல்ல கடற்கரைன்னு ஒண்ணும் கிடையாதுங்க. இன்னைக்கு நல்ல கடற்கரைன்னுதான் உண்டு. நாளைக்குள்ளத நாளைக்கு வந்து கேளுங்க."

சாவியை மீன்வலைத் தக்கை ஒன்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். ஆட்கள் இரண்டாவது அறைக்குப் போனதும் முதல் அறை விளக்கை அணைத்துவிடுவார். பின்தங்கியவர் இருட்டில் நிற்க வேண்டியதுதான். உள்ளே அந்தக் கால மணப்பெண் ஒருத்தியின் கல்யாணப் பெட்டி இருந்தது. ஜெர்மானியர் வந்தால், அவர் சொல்லும் கதையில் அந்த மணப்பெண் ஜெர்மனிக்கு ஓடிப்போனவள்; இத்தாலியர் வந்தால் இத்தாலிக்கு. எதிர்க் காபிக்கடை பந்தெலிஸுக்கு இதையெல்லாம் கேட்டுச் சிரிக்காமல் பொழுது போகாது.

"யோவ், உள்ள இருக்கறதுலயே பழசு நீதான்யா. உம்மேல ஒரு சீட்டு எழுதி ஒட்டிக்க."

"ஒட்டிக்கறேன். பக்கத்துலயே உன் காபியையும் வச்சிடுவோம். அதுவும் அந்தக் காலத்துல போட்டதுதானே."

ஃபோதினி பிரேயஸ் நகரத்தில் வேலை பார்க்கிறாள். பாறைச் சரிவுகளை அளக்கும் பொறியாளர். ஈஸ்டருக்கு வந்தபோது கறுப்புக்கல் குடாவின் மேல் விளிம்பில் ஒரு விரிசலைப் பார்த்தாள். பன்னிரண்டு மில்லிமீட்டர். ஆகஸ்டில் மறுபடி அளந்தாள். முப்பத்தொன்று. துறைமுகப் பட்டறையில் ஓர் இரும்புப் பலகை செய்வித்து, விரிசலின் அளவையும் போட்டு, 'பாறை சரியும் அபாயம்' என்று எழுதி அப்பாவிடம் கொடுத்தாள். மறுநாள் மதியம் அவளுக்குக் கப்பல்.

கிளம்பும் அன்று காலை முக்காலியைப் பிடித்தபடியே இன்னொரு முறை சொன்னாள்.

"அப்பா, அந்தப் பேரை இனிமே எழுதாதீங்க. இரும்புப் பலகைய இன்னைக்கே கொண்டுபோய் நட்டுடுங்க."

"காத்து வடக்கேர்ந்துதானே அடிக்குது, இப்ப அங்க யாரு போறா? நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ கப்பலை விட்டுடாதே."

அவள் போன நான்காம் நாள் விடியும்போது காற்று தெற்குக்குத் திரும்பியிருந்தது. நாற்பது வருடமாகத் தெற்குக் காற்றுக்கு எழுதிய பெயரை அவர் கை எழுதிவிட்டது. பத்து மணிப் பேருந்தில் வந்த ஐந்து பேர் அதைப் படித்துவிட்டுக் குடாவுக்கு நடந்தார்கள். சற்று நேரம் கழித்து, எதையோ பார்க்க அருங்காட்சியகத்துக்குள் போன நிக்கீதாஸ் ஒரே ஓட்டமாக வெளியே வந்து, கரும்பலகையில் கையை இழுத்துவிட்டு ஆட்டுப்பாதையில் இறங்கி ஓடியதாகப் பந்தெலிஸ் சொன்னார். எழுபத்தொரு வயது. ஐந்து பேரையும் திட்டித் திட்டி மேலே ஏற்றியிருக்கிறார். கடைசி ஆளாக அவர் ஏறிக்கொண்டிருந்தபோது பாறை வந்தது.

அவர் இறந்த நாற்பதாம் நாள், தேவாலயத்தில் நினைவு வழிபாட்டுக்கு வேகவைத்த கோதுமையும் மாதுளையும் பங்கிட்டு முடிந்ததும், ஃபோதினி சாவியோடு சதுக்கத்துக்கு வந்தாள். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது: அப்பா அவள் பேச்சை நம்பினாரா, படித்த பிள்ளையின் பயம் என்று தள்ளிவிட்டாரா.

கரும்பலகையைத் துடைக்கப் பந்தெலிஸ் யாரையும் விடவில்லை. மழை படாமல் மேலே பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தார். முதல் வரியின் குறுக்கே ஓர் உள்ளங்கைத் தடம். பாதிப் பெயர் அழிந்திருந்தது. சுண்ணக்கட்டி வெள்ளையின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கீற்று. அந்த நேரத்தில் அவருக்குக் காயம் எதுவும் கிடையாது.

கதவைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் இரும்புப் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. தயிர் டப்பாவில் நான்கு திருகாணிகள். பக்கத்தில் கடப்பாரை. அவள் எழுதிய வரிக்குக் கீழே, அப்பாவின் கோணல் எழுத்தில், சிவப்புப் பெயிண்டில் தடிமனாக இன்னொரு வரி இருந்தது. 'எந்தக் காற்று அடித்தாலும் இங்கே வராதீர்கள்.'

பந்தெலிஸ் வாசலிலேயே நின்றார்.

"முந்தின நாள் சாயங்காலம் எழுதினாரு பாப்பா. 'எம்பொண்ணு சரியாத்தான் சொல்றா, ஆனா மில்லிமீட்டர்னா இங்க எவனுக்குப் புரியும், காத்தைச் சொன்னாத்தான் கேப்பானுங்க'ன்னாரு. காலைல காஞ்சதும் கொண்டுபோய் நடறேன்னாரு. தெக்குக் காத்து ஈரத்துல எங்க காயறது?"

அவள் குனிந்து பார்த்தாள். கடைசி எழுத்தின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, ஆழமாகப் பதிந்திருந்தது. காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறார்.