கப்பலில் ரெண்டாம் பந்தி

பச்சியப்பன் சொன்ன நேரத்துக்கு வந்தார் என்று பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் செய்த வேலையில் குறை சொல்லவும் ஆள் கிடையாது. பொம்மிடி ரோட்டில் அவர், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கட்டிக்கொடுக்கும் வைண்டிங் கடை போட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும், எந்த போர்வெல் மோட்டார் மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் போன் போகும். காலையில் வருகிறேன் என்பார். வழியில் ஒருவர் வண்டியை மறித்து, “மரவள்ளி வாடுதுங்க, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுங்க” என்பார். அந்த ஆளைத் தாண்டிப் போக பச்சியப்பனுக்குத் தெரியாது. நமக்குக் காலை என்று சொன்னது மத்தியானம் ஆகிவிடும். என் தோட்டத்து மோட்டாரும் அவர் கைப்பட்டதுதான். அவருக்காக வரப்பில் உட்கார்ந்து காத்திருந்த நேரத்தைச் சேர்த்தால் எனக்கு ஒரு மாதம் தேறும்.

எங்களையெல்லாம்விட அதிகம் காத்திருந்தது அவர் மனைவி தீர்த்தம்மாள். இரண்டு கறவை மாடு, ஒரு ஏக்கர் மஞ்சள், வீட்டு வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்டு அவர் வரட்டும் என்று சோற்றைத் தொடாமல் இருப்பார். மூன்று மணிக்கு வருவார், நாலு மணிக்கு வருவார். சில நாள் வழியிலேயே யாரோ வீட்டில் சாப்பிட வைத்திருப்பார்கள். மகள் கலைமதி ஓசூரில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளமாகிவிட்டது.

போன வருடம் ஒரு பம்ப்செட் கம்பெனி, தன் பொருளை அதிகம் வாங்கும் மெக்கானிக்குகளைக் கப்பல் சுற்றுலா அழைத்துப் போவதாக அறிவித்தது. பெட்டிக்குள் இருக்கும் கூப்பனை போனில் ஸ்கேன் செய்தால் பாயின்ட் ஏறும். பச்சியப்பன் கூப்பன்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்ததோடு சரி. கலைமதிதான் லீவுக்கு வரும்போதெல்லாம் அவற்றை உட்கார்ந்து ஏற்றினாள். ஒருநாள் கம்பெனியின் சேலம் அதிகாரி முருகேஷ் கடைக்கே வந்து, “அண்ணா, நீங்களும் அண்ணியும் சிங்கப்பூர் போறீங்க. அங்கிருந்து நாலு நாள் கப்பல்” என்றார். பச்சியப்பன் கையில் இருந்த செம்புக் கம்பியைக் கீழே வைக்காமலே, “கப்பல்ல மோட்டார் ஏதாச்சும் போயிருச்சுங்களா?” என்று கேட்டாராம்.

பாஸ்போர்ட்டுக்காக போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனதில் தெருவுக்கே செய்தி தெரிந்துவிட்டது. தீர்த்தம்மாள் கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஏங்க, அங்க யாரும் உங்கள வழியில நிறுத்தமாட்டாங்கல்ல? நாலு நாளைக்காச்சும் நேரத்துக்கு ஒண்ணா உக்காந்து சாப்புடுவமா?”

“கடலுக்குள்ள யாரு தீர்த்தா நிறுத்தப் போறா? சாப்புடலாம்” என்றார் அவர்.

பிறகு நடந்ததை இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லக் கேட்டேன்.

சென்னையில் விமானம் ஏறும்போதே முருகேஷ் எல்லோருடைய போனையும் ஃப்ளைட் மோடில் போடச் சொன்னார். “ஊருக்குத் திரும்புற வரைக்கும் அப்படியே இருக்கட்டுங்க, இல்லாட்டி பில்லு எகிறிடும்” என்றார். பச்சியப்பன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மெக்கானிக்குகளும் மனைவிமாருமாக நாற்பது பேர். சிங்கப்பூரில் இறங்கியதும் பஸ், பஸ்ஸிலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து கப்பல் என்று முருகேஷ் பின்னாலேயே போனார்கள். யாரும் மணி பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. மத்தியானச் சாப்பாடும் கும்பலோடு கும்பலாக முடிந்தது. பிறகு ஆளுக்கொரு அறைச் சாவி அட்டை கொடுத்தார்கள். இரவுச் சாப்பாடு ஆறு மணி, மேசை எண் அறுபத்திரண்டு என்று அதில் அச்சடித்திருந்தது.

“ஆறு மணிக்கு முதல் பந்தி, எட்டரைக்கு ரெண்டாம் பந்தி. நாம முதல் பந்தி. அவங்கவங்க மேசையில போய் உக்காந்துக்கணும்” என்று முருகேஷ் விளக்கினார்.

கப்பல் கிளம்புவதைப் பார்க்க இருவரும் மேல்தளத்துக்குப் போனார்கள். கரை விலகி விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். கீழே இறங்கி அறைக்கு வந்து தீர்த்தம்மாள் போனைப் பார்த்தபோது மணி நாலு. அவர்களுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கைப் போட்டால் பகல், அணைத்தால் ராத்திரி. கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து எழுந்து, ஐந்து மணிக்கே இருவரும் தயாராகிவிட்டார்கள். தீர்த்தம்மாள் கலைமதி எடுத்துக் கொடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டார். பச்சியப்பன் சட்டையை பேண்ட்டுக்குள் விட்டு பெல்ட் போட்டார். பிறகு கட்டில் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் வாட்ச் கட்டும் பழக்கம் இருவருக்கும் இல்லை. மின்சார வேலையில் இருப்பவர் கையில் உலோகம் போடமாட்டார்.

ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பி, வழி கேட்டு, லிஃப்ட் மாறி, சரியாக ஆறு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்றார்கள்.

“என் வாழ்க்கையில மொத மொறையா சொன்ன டயத்துக்குப் போயிருக்கேங்க” என்று என்னிடம் சொன்னார் பச்சியப்பன்.

கூடம் நிறைய ஆட்கள். ஆனால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நாற்பது பேர் எங்கே போனார்கள் என்று விளங்கவில்லை. வாசலில் நின்ற பெண் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பச்சியப்பனுக்கு ‘ஃபினிஷ்ட்’ என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. போனை நீட்டி ஆறு மணியைக் காட்டினார். அந்தப் பெண் தன் கைக்கடிகாரத்தை நீட்டினார். அதில் எட்டரை.

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் போகிறது. ஃப்ளைட் மோடில் கிடந்த போன் ஊர் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் மேல்தளத்தில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது.

மாடியில் இன்னொரு கூடத்தில் சாப்பாடு கிடைக்கும் என்றுதான் அந்தப் பெண் சொல்லியிருக்கிறார், கையைக்கூட மேலே காட்டியிருக்கிறார். இவர்களுக்கு அது மேலே உங்கள் அறைக்குப் போங்கள் என்பதுபோலப் பட்டது. பட்டுப் புடவையும் பெல்ட்டுமாக அத்தனை பேருக்கு முன்னால் நிற்க இருவருக்கும் கூச்சமாகிவிட்டது.

“எம்மேல தப்பு. நாந்தான் போனைப் பாத்தேன்” என்றார் தீர்த்தம்மாள். “விடுங்க. ரூம்ல முறுக்கு இருக்குது, சாப்டுட்டுப் படுத்துக்கலாம்.”

பச்சியப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஊரில் எத்தனையோ நாள் தாமதமாகப் போய் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறார். அன்றெல்லாம் இப்படி உறுத்தியதில்லை என்று என்னிடம் சொன்னார். இருவரும் அறைப் பக்கம் திரும்பி நடந்தார்கள்.

பத்தடி போயிருப்பார்கள். பின்னால் யாரோ ஓடிவந்தார். கருப்புக் கோட்டு போட்ட பரிமாறுகிறவர், நாற்பது வயதிருக்கும். சட்டையில் ரெனாட்டோ என்று பெயர் குத்தியிருந்தது. பிலிப்பைன்ஸ்காரர் என்று பின்னால் தெரிந்தது. அறுபத்திரண்டாம் மேசைக்கு அவர்தான் பொறுப்பு. முதல் பந்தியில் இரண்டு நாற்காலி காலியாகவே இருந்ததை கவனித்திருக்கிறார். வாசலில் நடந்ததைப் பார்த்ததும் இவர்கள்தான் அந்த இருவர் என்று புரிந்துகொண்டார். கையால் சோற்றை அள்ளி வாயில் வைப்பதுபோலக் காட்டி, வாங்க என்று தலையை அசைத்தார்.

எட்டுப் பேர் மேசையில் இப்போது வேறு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஆறு பேர். ரெனாட்டோ அவர்களிடம் குனிந்து ஏதோ கேட்டார். தலை நரைத்த அம்மா ஒருவர் இவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த மருமகளிடம், “அய்யோ பாப, ஊட்டா ஆகில்ல அந்தெ” என்றார்.

பச்சியப்பன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பதினேழு வயதில் பெங்களூருக்குப் போய் ஏழு வருடம் ஒரு வைண்டிங் பட்டறையில் வேலை கற்றவர் அவர். ஐயோ பாவம், சாப்பாடு ஆகவில்லையாம் என்று அந்தம்மா சொன்னது அவர் காதில் தமிழாகவே விழுந்தது. அவரும் கன்னடத்திலேயே, எங்களுக்கு தர்மபுரி ஜில்லா அம்மா, நேரம் தெரியாமல் வந்துவிட்டோம் என்றார்.

“தர்மபுரியா! பன்னி பன்னி, கூத்கொள்ளி” என்று அந்தம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தீர்த்தம்மாள் கணவரின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். “ஏங்க, யாரைப் பன்னின்னு சொல்றாங்க?”

“வாங்கன்னு கூப்புடறாங்க தீர்த்தா. வந்து உக்காரு.”

அவர் பெயர் சாவித்திரம்மா. தாவணகெரேயில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன், மருமகள், மகள் குடும்பம் என்று எல்லோருமாக வந்திருந்தார்கள். சைவம் என்பதால் அவர்களுக்குத் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சோறு, பருப்பு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு பொரியல். ரெனாட்டோ அதிலேயே இன்னும் இரண்டு பங்கு கொண்டுவந்து வைத்தார். எல்லாம் ஆவி பறக்க இருந்தது. முள்கரண்டியைப் பார்த்து தீர்த்தம்மாள் தயங்கியதைக் கண்ட சாவித்திரம்மா, தன் கரண்டியைத் தட்டுக்கு ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பிசைய ஆரம்பித்தார். உடனே மருமகளும் கரண்டியை வைத்தாள். மேசையே கையால் சாப்பிட்டது.

“ஒரு வா தயிர் கெடைச்சா நல்லாருக்கும்” என்று தீர்த்தம்மாள் கணவரிடம் முணுமுணுத்தார். அது கன்னடமாகி, இங்கிலீஷாகி, ரெனாட்டோவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் எங்கே போய்த் தேடினாரோ, ஐந்து நிமிடத்தில் ஒரு கிண்ணம் தயிரோடு வந்தார்.

தட்டை எடுக்க வந்தபோது தீர்த்தம்மாள் அவரை நிறுத்தி, “நீங்க சாப்ட்டீங்களா?” என்று தமிழிலேயே கேட்டார். மருமகள் அதை இங்கிலீஷில் சொன்னாள். ரெனாட்டோ கொஞ்சம் தடுமாறினார். பந்தியெல்லாம் முடிந்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம், பழகிவிட்டது என்றார். தீர்த்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் தட்டுகளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பக் கும்பிட்டார்.

வெளியே வரும்போது முருகேஷ் லிஃப்ட் பக்கம் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். “அண்ணா, எங்க போனீங்க? ஆறு பத்துக்கு ரெண்டு தடவ கதவைத் தட்டுனேன். சரி, மேல எங்கியோ சாப்ட்டுட்டீங்கன்னு நெனச்சேன். இப்ப மேலயும் தேடிட்டு வரேன். டயம் மாத்திக்கச் சொல்ல மறந்துட்டேன், என்னை மன்னிச்சுக்கங்க” என்றார். நாளைக்கு நானே வந்து முதல் பந்திக்குக் கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னார்.

“வேண்டாம் தம்பி” என்றார் தீர்த்தம்மாள். கணவரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “அந்தம்மா நாளைக்கும் வரச் சொல்லிருக்காங்க. எங்களுக்கு ரெண்டாம் பந்தியே இருக்கட்டும். கேட்டுச் சொல்லுங்க.”

முருகேஷ் கேட்டார். கிடைத்தது. மீதி நாட்களும் எட்டரை மணிக்கு அறுபத்திரண்டாம் மேசையில் எட்டுப் பேராகச் சாப்பிட்டார்கள். கடைசி நாள் தீர்த்தம்மாள் ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கில் பாதியை சாவித்திரம்மாவுக்கும் பாதியை ரெனாட்டோவுக்கும் கொடுத்துவிட்டு வெறும் டப்பாவோடு இறங்கினார்.

போன் நம்பரை மாற்றிக்கொண்டார்களாம்; பழக்கம் அதோடு முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். போன மாதம் என் மோட்டாரைக் கட்டக் கொடுத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது பச்சியப்பனுக்கு ஒரு போன் வந்தது. அவர் கன்னடத்தில் பேச ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. சாவித்திரம்மா வீட்டு மோட்டார் இரண்டு நாளாகத் தண்ணீர் எடுக்கவில்லையாம். பார்க்க வந்த மெக்கானிக், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், போய்விட்டது, முழுசாகக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பச்சியப்பன் எழுந்து போய்ப் பக்கத்து லேத் பட்டறைக்காரரிடம் மெஷினை ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னார். போனை மோட்டார் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போடுங்கள் என்று அந்தம்மாவிடம் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கும் அந்தச் சத்தம் லேசாகக் கேட்டது. ம்ம்ம் என்று ஒரு முனகல்.

“ஆஃப் பண்ணுங்கம்மா, ஓட விடாதீங்க” என்று பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு கன்னடத்துக்கு மாறினார். போனை வைத்ததும் எனக்கு விளக்கினார். “முனகுதுன்னா காயில் நல்லா இருக்குதுங்க. மோட்டாரைச் சுத்தக் கிளப்பி விடற கெபாசிட்டர்தான் போயிருக்குது. அதை மாத்துனா போதும். என்ன அளவு வாங்கோணும்னு சொல்லிட்டேன்.”

சாயந்திரம் மோட்டாரை வாங்கப் போனபோது அவருடைய போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிதாக சாவித்திரம்மாவின் சிரிப்புக் கேட்டது. பச்சியப்பன் அதை இரண்டாவது முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து தீர்த்தம்மாள் போனில் கூப்பிட்டார்.

“ஏங்க, அந்தம்மா வூட்ல தண்ணி வந்துருச்சான்னு கேட்டீங்களா?”

“வந்துருச்சு தீர்த்தா. தொட்டி ரொம்பி வழியுது” என்றார் அவர்.