மொட்டை மாடிச் சாமை

பக்கத்து அறையில் கயிறு சரசரவென்று இழுபடும் சத்தம். அடுத்த நொடி மொட்டை மாடியில் தகர டப்பாக்கள் 'டடங் டங்' என்று ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ரங்கம்மாள் கத்தியைப் போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"அடியே சங்கவி! இன்னாடி இது விடிஞ்சும் விடியாததுமா? எனக்கு இருக்கிறது ஒரு நெஞ்சு. அது நின்னு போச்சின்னா உன் குருவியா வந்து பாக்கும்?"

"ஒரே ஒரு தபாம்மா. குருவி வந்துட்சி."

"நேத்தும் இதத்தான் சொன்ன. பொழுது சாயற வரைக்கும் இழுத்துக்கினே இருந்த."

மறுபடியும் கயிறுதான் இழுபட்டது. ரங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கத்தியைக் கையில் எடுத்தாள். ஆனாலும் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. கணவர் போய், மகன் சென்னைக்குப் போய், கள்ளக்குறிச்சியில் இந்த வீடு ஊமையாகிக் கிடந்த காலம் அவளுக்கு நினைவிருக்கிறது. தகரமாவது பேசட்டுமே!

சங்கவிக்கு இருபது வயது. ரங்கம்மாள் வீட்டில், தெருவைப் பார்த்துத் தனி வாசல் உள்ள ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள செல்போன் கடையில் வேலை. திரைக்கு மேல் கண்ணாடி ஒட்டுவதில் அந்தக் கடைத்தெருவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பது முதலாளி வெங்கடேசனின் பெருமை. தூசியை ட்வீசர் இடுக்கியால் எடுப்பாள். மூச்சை அடக்குவாள். உதடு மட்டும் ஏதோ முணுமுணுக்கும். கண்ணாடி ஒரு குமிழி இல்லாமல் படிந்ததும்தான் மூச்சு விடுவாள். "இன்னா மந்திரம் சொல்ற? எனக்கும் சொல்லித் தாயேன்" என்று வெங்கடேசன் கேட்டால், "எங்க சாமிய கூப்புட்றேன் சார். மலையில கீதே, அத்த" என்பாள். "டவர் கெடைக்குதா அங்க?" என்பார் அவர். "உங்க சிம்முக்குக் கெடைக்காது. எனக்குக் கெடைக்கும்" என்பாள் இவள்.

அவளுக்குச் சில வழக்கங்கள் உண்டு. கடைக்குள் செருப்புப் போட மாட்டாள். டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் கவளம் மூடியின் ஓரத்தில் போய் உட்காரும், அது காக்கைக்கு. வலது கையில் எப்போதும் செல்போன் இருப்பதால் கதவை இடது கையால்தான் சாத்துவாள். அதற்கு மட்டும் ரங்கம்மாளிடம் தினமும் திட்டு. "இடது கையால கதவ சாத்தாதடி. வூட்டுக்கு ஆவாது."

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால், பேருந்து நின்றுவிடும் இடத்திலிருந்து நடந்து சேர வேண்டிய இலுப்பைக்காடு அவள் ஊர். அப்பா மூக்கன் மிளகுத் தோட்ட வேலைக்கென்று கேரளம் போனவர், அங்கேயே வேறொரு குடும்பமாகிவிட்டார். அம்மா செங்கம்மாள் தனியாளாகக் கொல்லையில் சாமை போட்டு மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். தேர்வு முடிவு வந்த வருஷமே காய்ச்சலில் கண்ணை மூடினாள். பூட்டிய வீட்டின் சாவியைத் தாலிக்கயிறு போலக் கழுத்தில் போட்டுக்கொண்டு மலையிறங்கியவள்தான் சங்கவி.

இலுப்பைக்காட்டுச் சாமிக்குப் பெயர் கிடையாது. ஒரு கல், ஒரு மரம், வருஷத்துக்கு ஒரு பொங்கல். அந்தப் பானையில் வேகும் சாமையைக் கடையில் வாங்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டாரும் தம் கையால் விதைத்து, அறுத்து, குத்திய சாமையில் ஒரு பிடி தர வேண்டும். அதையும் கோயிலுக்கு எடுத்துப் போகக் கூடாது. அந்த வருஷத்து முறைக்காரர் வெறுங்காலோடு வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்வார். பிடி வாங்கும் வேலை முடியும்வரை எந்த வீட்டிலும் உட்கார மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார். வாங்கியதும், எல்லா வீட்டுச் சாமையும் கலந்து கிடக்கும் பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அந்த வீட்டாரின் உள்ளங்கையில் திருப்பிப் போடுவார். பொங்கலன்று பானை இறங்கியதும், பிடி கொடுத்த வீடுகளின் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். தொடர்ந்து இரண்டு பொங்கல் பிடி கொடுக்காத வீடு மூன்றாவது பொங்கலிலிருந்து ஊர்க்கணக்கிலேயே இருக்காது; பிறகு பிடி கொடுத்தாலும் அதன் பெயர் யார் வாயிலும் வராது.

அம்மா இல்லாத முதல் பொங்கலுக்குச் சங்கவி புதுச் சுடிதார் உடுத்திக்கொண்டு போனாள். பூட்டிய வீட்டைத் தாண்டிப் போயிருந்தார் முறைக்காரர். பெயர்கள் கூப்பிடப்பட்டன. அவள் வீட்டுப் பெயர் இல்லை. அதையாவது தாங்கிக்கொண்டாள். அதன் பிறகு நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. சாலம்மாள் சித்தி ஓடி வந்து கையைப் பிடித்து, "வா கண்ணு, கீழ இருந்து வந்திருக்க, பசிக்கும்" என்று முதல் பந்தியில் உட்கார வைத்தாள்.

அந்த ஊரில் முதல் பந்தி விருந்தாளிகளுக்கு. ஊர்க்காரர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். சின்ன வயதிலிருந்து தண்ணீர்ச் சொம்பு தூக்கிக்கொண்டு பந்திக்குப் பந்தி ஓடிய பெண், அன்று இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளோடு படித்த கவியாவே குனிந்து, "இன்னுங் கொஞ்சம் போடட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டாள். சாமைச் சோறு இலையிலேயே ஆறியது. யாரும் அவளை விரட்டவில்லை. அன்போடு உபசரித்தார்கள். விரட்டியிருந்தால் கூடச் சண்டை போட்டிருக்கலாமே!

மலையிறங்கும்போது சாலம்மாள் சித்தியிடம் ஒரு பை விதைச் சாமை கேட்டு வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு மலைக்குப் போன ஒவ்வொரு தடவையும் செத்துப்போன அம்மாவின் கொல்லையில் மண் வெட்டிச் சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றினாள். "இன்னா பாப்பா, மலையவே பேத்துக்கினு போற? வூடு கட்டப் போறியா?" என்று நடத்துநர் கேலி செய்தார். "ஆமாண்ணா" என்றாள். மீன் வரும் தெர்மோகோல் பெட்டிகளிலும் பழைய பெயின்ட் வாளிகளிலும் அந்த மண்ணை நிரப்பி, ஆடியில் விதைத்தாள். வடகம் காயப்போடும் இடம் போயிற்றே என்று ரங்கம்மாள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கதிர் வந்ததும் குருவிகள் வந்தன. குருவிகளுக்காகத் தகரம் வந்தது.

ஐப்பசியில் கத்தரிக்கோலால் அறுவடை. ரங்கம்மாளின் இஞ்சி இடிக்கும் கல்லுரலில் குத்திப் புடைத்தபோது, குருவிகள் தின்றது போக, ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளரில் பாதி சாமை தேறியது. தவிடு முழுதும் போகாத பழுப்பு நிறம். தம்ளரை மூடிச் சாமி படத்தருகே வைத்தாள். பிடி இருக்கிறதென்று சாலம்மாள் சித்தி மூலம் ஊருக்குச் சொல்லியும் அனுப்பினாள். ஆனால் பிடி வாங்க எந்த முறைக்காரரும் இதுவரை மலையிறங்கியதில்லை. "வருவாங்களாடி?" என்று ரங்கம்மாள் கேட்கும்போதெல்லாம், சங்கவி சாவிக்கயிற்றைத் திருகிக்கொண்டு வேறு பேச்சு பேசினாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். திறந்தால் இலுப்பைக்காட்டு அய்யனார் மாமா. கக்கத்தில் மஞ்சள் துணிப்பை.

"உரம் வாங்க வந்தேன் பாப்பா. அப்டியே உன்னயும் ஒரு எட்டு பாத்துட்டுப் போலான்னு..." என்றார்.

சங்கவி அவர் கால்களைப் பார்த்தாள். செருப்பு இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து வந்த தார்ச்சாலையின் கருப்பு பாதத்தில் அப்பியிருந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. "இரு மாமா" என்று உள்ளே ஓடினாள்.

அதற்குள் ரங்கம்மாள் வந்துவிட்டாள். "உள்ள வாங்க, உக்காருங்க. காபி போட்றேன்."

"வேணாங்க. நிக்கிறேங்க."

"தண்ணியாவது குடிங்க."

"இன்னிக்குக் குடிக்கக் கூடாதுங்க."

"எங்க வூட்டுத் தண்ணி ஆவாதா?"

"அய்யய்யோ, அப்டி இல்லக்கா. பொங்கல் முடிஞ்ச மறுநாளே வந்து ஒரு கொடம் குடிக்கிறேன், போதுமா?"

உள்ளே சங்கவி தம்ளரின் மூடியைத் திறந்தாள். திறந்த கை அப்படியே நின்றது. பாதி இருந்த தம்ளர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. பழுப்புக்கு நடுவே பளபளவென்று வெள்ளை.

"அம்மா... இங்க வாங்க. இதுல இன்னா போட்டீங்க?"

ரங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து இங்க விளக்கேத்த வந்தப்ப பாத்தேன்டி. ரொம்பக் கம்மியா இருந்திச்சி. இவ்ளோதான் குடுக்கறாளான்னு ஊர்ல நாலு பேர் உன்ன பேசக் கூடாதுல்ல? சக்கரைக்குன்னு டாக்டர் சாப்பிடச் சொன்ன சாமை என் டப்பாவுல இருந்திச்சி. ஒரு கை போட்டேன். அதுவும் சாமைதானடி!"

சங்கவி சுவரில் சாய்ந்துகொண்டாள். கடைச் சாமை. எந்த ஊரில் விளைந்ததோ, எந்த மெஷினில் தீட்டியதோ. வாசலில் நிற்பவர் பைக்குள் எட்டிப் பார்க்கப் போவதில்லை. கவிழ்த்தால் முடிந்தது. கவிழ்க்காவிட்டால், மூன்றாவது பொங்கலில் அம்மாவின் வீடு என்று ஒன்று இருந்ததே ஊர் வாயில் இல்லாமல் போகும்.

"குடுத்துடுடி. யாரு பாக்கப் போறா?" என்றாள் ரங்கம்மாள், அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட குரலில்.

சங்கவி அவளையே பார்த்தாள். பிறகு, "எங்க சாமிக்கு சக்கர வியாதி இல்லம்மா" என்றாள்.

ரங்கம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சங்கவி தம்ளரோடு வாசலுக்கு வந்தாள். "மாமா, கடைச் சாமை கலந்துட்சி. தெரியாம நடந்துட்சி. பொறுக்கித்தான் குடுக்கணும். நேரம் ஆவும். நிக்கிறியா?"

அய்யனார் தம்ளரைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். "நிக்கிறேன். உக்காரத்தான் கூடாது. நிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

தாம்பாளத்தில் சாமையைக் கொட்டி, வாசற்படிக்கு உள்ளே சங்கவி உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து கடை ட்வீசர் வெளியே வந்தது. பழுப்பு மணி ஒவ்வொன்றாகத் தம்ளருக்குள் போனது. சந்தேகமாக இருந்ததை எல்லாம் ஒதுக்கினாள். மூச்சை அடக்கினாள். உதடு முணுமுணுத்தது. எதிரே ரங்கம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து சப்பணமிட்டாள். "நான் வெள்ளைய பொறுக்கறேன். என் பாவத்த நானே பொறுக்கிக்கிறேன்."

வெயில் ஏறி வாசலுக்கு வந்தது. அய்யனார் மாமா நின்ற இடத்தில் நின்றார். வியர்வையைத் தோள் துண்டால் துடைத்தாரே தவிர நகரவில்லை. போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் தம்ளரில் இருந்தது கால் பங்குகூட இல்லை. சங்கவி அதை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு எழுந்தாள். கை நிறையவில்லை.

"குருவி தின்னது போவ இவ்ளோதான் மாமா."

"மண்ணு?"

"நம்ம கொல்ல மண்ணு. பஸ்ஸுல ஏத்தியாந்தேன்."

அய்யனார் பையின் வாயை விரித்தார். சங்கவி குனிந்து போட்டாள். ஒரு மணி விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது. அதையும் தட்டிவிட்டாள்.

"எந்த வூடுன்னு கூப்புடட்டும்? மூக்கன் வூடா? செங்கம்மா வூடா?"

சங்கவி கழுத்துக்கயிற்றில் கிடந்த சாவியைத் தொட்டாள். காலடியில் இருந்த வாசற்படியைப் பார்த்தாள்.

"சங்கவி வூடு."

"அடிப்பாவி!" என்றாள் ரங்கம்மாள். "இது என் வூடுடி!"

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ரங்கம்மாளே, "கூப்புடுங்க, கூப்புடுங்க. தெருவுக்கே கேக்கட்டும்" என்றாள்.

அய்யனார் நிமிர்ந்து நின்று, மலையில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். "சங்கவி வூ...டு!" எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். அவர் பைக்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்து, நீட்டியிருந்த சங்கவியின் வலது உள்ளங்கையில் போட்டார். அவள் விரல்கள் மூடிக்கொண்டன.

பையை முடிந்து கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு அடி போனவர் திரும்பினார்.

"பொங்கலுக்கு மொத நாளே வந்துடு பாப்பா. பந்தி பரிமாற ஆளு கம்மி."

சங்கவி தலையை ஆட்டினாள்.

கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்கால்கள் மெல்ல நடந்து, முனை திரும்பி மறைந்தன. அதுவரை வாசலிலேயே நின்ற சங்கவி உள்ளே வந்தாள். மூடிய வலது கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, இடது கையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பார்த்துக்கொண்டிருந்த ரங்கம்மாள் இன்று திட்டவில்லை.