கல்முனையில் ஹொட்பொட் சாப்பிட்ட பகல்

சனிக்கிழமை முற்பகல் 11.40. விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்டியில் புறப்பட்ட பஸ், சம்மாந்துறை வயல்வெளியைத் தாண்டிக் காரைதீவுச் சந்தியில் இடப்பக்கம் திரும்பியபோது எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. சுமார் இருநூறு கிலோமீற்றர், ஆயிரத்து நூறு ரூபாய் டிக்கட், நடுவில் மகாஓயாவில் ஒரு பிளேன்டீ. அங்கே பிடித்த மழை சாய்ந்தமருதுவரை விடவில்லை. ரோட்டின் இரு புறமும் வரம்பு தெரியாமல் தண்ணீர் நின்றது. விதைத்து இரண்டு வாரம்தான் ஆகிறது, நாளைக்கும் வடியாவிட்டால் முளை அழுகிவிடும் என்று பக்கத்து ஆசனத்துக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் நித்திரையாகிவிட்டார். எனக்குத்தான் நித்திரை போய்விட்டது.

நான் மாத்தளையில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர். மனைவி மௌத்தாகி அடக்கம் செய்து ஆறு வருடம். பிள்ளைகள் இருவரும் கட்டாரில். ஊர் பார்க்க வரவில்லை. அதற்கான மழையும் இல்லை. என் தம்பி ஜௌபரைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன். அவன் இருபத்தைந்து வருடத்துக்கு முன் சாய்ந்தமருதுவில் கலியாணம் முடித்தவன். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டில் வந்து குடியேறுவார். பிறகு மகளுக்குக் கலியாணமானால் வீடு மகளுக்குப் போகும்; பெற்றோர் பின்னால் ஓர் அறையைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஜௌபரும் மனைவியும் அப்படி ஒதுங்கியிருந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் அவளும் மௌத்தானாள்.

அதற்குப் பிறகு டெலிபோனில் அவன் சொன்னது எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. விடியமுன் சுபஹு தொழப் பள்ளிவாசலுக்குப் போனால் இரவு இஷா தொழுகை முடிந்துதான் வீட்டுக்கு வருகிறானாம். ஏன் என்று கேட்டேன். "மகள்ட வூட்டில எந்த நேரமும் குந்திக்கிட்டு இரிக்க ஏலுமா காக்கா?" என்றான். முன்பெல்லாம் மலையகத்து வழக்கப்படி அண்ணனை நானா என்பான். இருபத்தைந்து வருடத்தில் நானும் இந்தக் கரையின் காக்காவாகிவிட்டேன்.

12.10. வீட்டில் ஜௌபர் இல்லை. அவன் மகள் ஹஸ்னா ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "வாங்க பெரிய வாப்பா, நனைஞ்சிட்டீங்களே," என்று துவாய் தந்தாள். மருமகன் றிஸ்வி என் பையை வாங்கி உள்ளே வைத்தான். குறை சொல்ல ஆசையோடு போனவன் நான்; அந்தப் பிள்ளைகளிடம் ஒரு குறையும் கிடைக்கவில்லை. பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். பாய் சுருட்டி மூலையில் நின்றது. ஒரு சாரம், இரண்டு சேட், ஒரு ரேடியோ. அறை அவ்வளவு துப்புரவாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆள் இருக்கும் அறை கொஞ்சமாவது கலைந்து கிடக்க வேண்டும்.

"இண்டைக்கு வெளிய சாப்பிடுவம்," என்றாள் ஹஸ்னா. "கல்முனையில ஹொட்பொட் கடை ஒண்டு துறந்திரிக்காங்க. வாப்பா எங்கயும் வாறல்ல. நீங்க வந்திரிக்கிறதால வருவாரு." பகல் ளுஹர் தொழுகை முடிந்து ஜௌபரைப் பள்ளிவாசலிலேயே ஏற்றிக்கொண்டோம். என்னைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னான். தோள் எலும்பு கையில் தட்டுப்பட்டது. எட்டு மாதத்தில் பத்து வயது ஏறியிருந்தான்.

கல்முனைக்கு மூன்று கிலோமீற்றர். த்ரீவீலுக்கு முன்னூறு ரூபாய். கடைப் பெயரைக் கேட்டதும் த்ரீவீல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க என்னத்துக்கு காக்கா போறீங்க? நாமளே அவிச்சித் தின்னணும், காசும் நாமளே குடுக்கணும்," என்றார். றிஸ்வி சிரித்தான். நானும் சிரித்தேன். ஜௌபர் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

1.30. பிரதான வீதியில் துணிக்கடை ஒன்றின் மேல்மாடி. கீழே ஹலால் பலகை. மேலே நான்கு மேசை, திரை போட்ட இரண்டு குடும்ப அறை. சனிக்கிழமைப் பகலில் எங்களைத் தவிர ஆளில்லை. முதலாளிக்கு நாற்பது வயதிருக்கும். ஒன்பது வருடம் மலேசியாவில் இப்படியான கடையில் வேலை செய்தவராம். மேசை நடுவில் மின்அடுப்பு, அதன்மேல் அகலமான சட்டி, சட்டியில் சிவந்த சூப். எலுமிச்சைப் புல்லும் மிளகாயும் மணத்தன. கடதாசி போல் சீவிய மாட்டிறைச்சி, கோழி, இறால், கணவாய், காளான், கங்குன் கீரை, நூடில்ஸ் எல்லாம் பச்சையாகத் தட்டுத் தட்டாக வந்தன. நான்கு பேருக்கு ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய். போடுங்கள், வெந்ததும் எடுங்கள், சோஸில் தொட்டுச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு முதலாளி ஒதுங்கி நின்றார்.

போட்டோம். எடுப்பதில்தான் சிக்கல். நாங்கள் ஒரே தட்டில் நாலைந்து பேர் கூடிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கலியாணம், கந்தூரி எதுவானாலும் பெரிய சஹன் தட்டில் சோறு வரும், சுற்றிக் குந்துவோம். அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது, தனக்கு முன்னால் உள்ளதைத்தான் தின்ன வேண்டும். பேசப் பழகுவதற்கு முன்பே இது எங்களுக்குப் பழகிவிடும். அதே ஒழுங்கோடு நான்கு பேரும் நாலு பக்கம் இருந்து, அவரவர் பக்கத்துக்கு வருவதை மட்டும் கரண்டியால் அள்ளினோம். சோறு போட்ட இடத்தில் கிடக்கும். கொதிக்கிற சூப் கிடக்குமா? றிஸ்வி போட்ட கணவாய் ஹஸ்னாவிடம் போனது. ஹஸ்னா போட்ட கோழி எனக்கு வந்தது. எல்லா இறாலும் என் பக்கமே வந்து குவிந்தது. ஜௌபரின் பக்கம் கங்குனும் இரண்டு காளானும்தான் ஒதுங்கின. அவன் அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுச் சூப்பைக் குடித்தான்.

"இறால் எடு ஜௌபர்," என்றேன்.

"உங்கட பக்கம்தானே காக்கா இரிக்கி. நீங்க சாப்பிடுங்க. எனக்குப் போதும்."

கரண்டியால் நாலு இறாலை அவன் பக்கம் தள்ளிவிட்டேன். கொதி அவற்றைத் திருப்பி என்னிடமே கொண்டுவந்தது. றிஸ்வி சிரிப்பை அடக்கிக்கொண்டான். முதலாளி பொறுக்கமுடியாமல் கிட்டே வந்தார். "இஞ்ச வாற எல்லாரும் இப்பிடித்தான் ஹாஜியார். சஹன்ல இரிக்கிற மாதிரியே இரிக்கிறாங்க. கைய நீட்டி எடுங்க எண்டா வெக்கம். இறைச்சி வெந்து கரைஞ்சி போகுது, பிறகு கடையில ஒண்டுமில்ல எண்டு செல்லிட்டுப் போறாங்க. எப்பிடிக் கடை ஓடும்?" அவர் முகத்தில் கடையை மூடுகிற யோசனை எழுதி வைத்தது போல் தெரிந்தது.

சஹனிலும் இறைச்சியைப் பிய்த்து மற்றவர் பக்கம் வைக்க ஓர் ஆள் இருப்பார். இந்த வீட்டில் அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். நான் வந்த காலங்களில் ஜௌபர் தட்டில் கை வைக்க முன்னமே அவன் மனைவி முள் நீக்கிய மீனை அவன் பக்கம் வைத்துவிடுவாள். அவன் தனக்கென்று ஒன்றை எடுத்து நான் கண்டதே இல்லை. இப்போது ஹஸ்னா தகப்பனின் வெறும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி பாதி வழி போய்த் திரும்பி வந்தது. வாப்பாவின் பக்கம் கை நீட்டுவது அவளுக்கு மரியாதைக் குறைவு. நான் எழும்பி ஆறு இறாலை அள்ளி ஜௌபரின் கோப்பையில் போட்டேன். அவன் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மீதி ஐந்தையும் மகளின் கோப்பைக்கு மாற்றினான். "புள்ளத்தாச்சி தின்னட்டும்," என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. சட்டென்று விஷயத்தைப் போட்டு உடைத்தேன். "நான் இவனைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். இனி மாத்தளையில் என்னோடு இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

"மாமா எங்களுக்குப் பாரமில்ல," என்றான் றிஸ்வி உடனே. நல்ல பிள்ளை. ஆனால் ஜௌபர் அவனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தான். ஹஸ்னா சட்டியைப் பார்த்தபடி இருந்தாள்.

"வாப்பாட விருப்பம்," என்றாள்.

ஜௌபர் கரண்டியை வைத்தான். "அப்ப நாளைக்கே போவம் காக்கா," என்றான். அதற்கு மேல் யாரும் ஒன்றும் எடுக்கவில்லை. இறைச்சி கரைந்து சூப் கலங்கிவிட்டது.

2.25. கைகழுவப் போன இடத்தில் ஹஸ்னா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். "போகாதீங்க வாப்பா எண்டு செல்ல வாய் வரைக்கும் வந்திச்சி. செல்லியிருந்தா எனக்காக இரிப்பாரு. பள்ளியிலயே கிடப்பாரு, ஒண்டும் தின்னமாட்டாரு. அவருக்கு இஞ்ச இரிக்க விருப்பமில்ல பெரிய வாப்பா, உம்மா இல்லாத வூட்டில. அதான் செல்லல்ல. ஆனா எனக்கு அவர் வேணும். புள்ள பொறக்கக்குள்ள அவர் இஞ்ச இரிக்கணும்."

"சரி மகள், நான் கதைக்கிறேன்," என்றேன்.

மேசையில் ஜௌபர் தனியாக இருந்தான். றிஸ்வி காசு கட்டப் போயிருந்தான். நாலடி தூரம்தான். போய்ச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் போய் அவன் பக்கத்தில் இருந்தேன். நாளைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

ஞாயிறு காலை 6.30. மழை விட்டிருந்தது, வானம் வெளுக்கவில்லை. ஜௌபரின் சாமான் எல்லாம் ஒரு பையில் அடங்கியது. ஹஸ்னா சோற்றுப் பார்சல் இரண்டு தந்தாள். தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் கதைத்துவிட்டேன் என்றும், கதைத்த பிறகும் அவர் போகிறார் என்றும்தான் அவள் நினைத்திருப்பாள். பஸ் நகர்ந்ததும் ஜௌபர் தலையை வெளியே நீட்டி அந்த ரோடு வளையும்வரை பார்த்தான்.

சம்மாந்துறை தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தாண்டியதும், அம்பாறையில் சொன்னால் இறங்கித் திரும்புவது லேசு என்று தோன்றியது. 7.25க்கு அம்பாறை வந்தது. பஸ் பத்து நிமிடம் நின்றது. நான் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்தேன். மகாஓயாவில் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். மஹியங்கனையில் வெயில் அடித்தது.

வாசகர்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? மாத்தளை வீட்டில் மூன்று அறை. இரண்டைப் பூட்டி ஆறு வருடம். குசினியில் நின்றபடியே சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிடுவேன். ஒருவரோடும் கதைக்காமல் போகும் நாட்கள் உண்டு. சாய்ந்தமருதுவின் அந்த நெருக்கமான வீட்டில் ஆள் போக வர ஆள்மேல் முட்டும். அங்கே தம்பிமேல் இரக்கப்பட்டுப் போனவன் நான். இரக்கம் பாதிதான். மீதிப் பாதி என் வயிற்றெரிச்சல். எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பிற்பகல் 11.50 என்று முதலில் எழுதிவிட்டு இப்போது திருத்துகிறேன், முற்பகல் 11.50. மஹியங்கனைக்கு மேலே பதினெட்டு வளைவில் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. கீழே சமவெளி முழுக்க முகில். ஜௌபர் என் பக்கம் திரும்பிக் கேட்டான்:

"ஹஸ்னா உங்களுக்கிட்ட ஒண்டும் செல்லல்லயா காக்கா?"

"இல்ல," என்றேன். "ஒண்டும் செல்லல்ல."

அவன் தலையை ஆட்டினான்.

"அப்ப நான் வந்தது நல்லம்," என்றான்.