லைசன்ஸ் உள்ள டிரைவர்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். மென்பொருளைக் கண்டெய்னர் என்னும் தனித்தனி அடைப்புகளில் போட்டு ஓட்டுவது எங்கள் தொழில். ஒரே கணினிக்குள் இருக்கும் கண்டெய்னர்கள் ஒன்றோடொன்று சுலபமாகப் பேசிக்கொள்ளும். வெவ்வேறு கணினிகளில் இருந்தால், அதற்கென்று எழுதிய நெட்வேர்க் டிரைவர் ஒன்றைப் பிளகின் என்னும் துணை மென்பொருளாகச் சேர்க்க வேண்டும்.

ஒருநாள் சிக்னலுக்காக வாசலில் நின்று, ஸ்பீக்கரைப் போட்டு மேலாளரிடம் கத்தினேன்.

"கண்டெய்னருக்கு இந்த டிரைவர் சரிவராது சார். வேற போடணும்."

மொனராகலைக்கு மரக்கறி லொறி ஓட்டி, வேலை போய் வீட்டிலிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிவந்தார்.

மேலாளர் கேட்டார்: "புது டிரைவருக்கு லைசன்ஸ் இருக்கா?"

"இருக்குங்க சார், ஹெவி லைசன்ஸ்!" என்றார் அண்ணன்.

"நல்லது, உடனே போடுங்க," என்று மேலாளர் போனை வைத்தார்.

இந்த டிரைவர் ஒரு மென்பொருள், லைசன்ஸ் என்பது அதைப் பயன்படுத்தும் அனுமதி என்று அண்ணனுக்கு விளக்கினேன்.

"லொறியும் இல்ல, ரோட்டும் இல்ல. அப்புறம் என்னத்துக்கு தம்பி டிரைவர்?" என்று முகம் வாடிப் போனார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

புது டிரைவரை இரண்டு கணினிகளிலும் நிறுவியதும் கண்டெய்னர்கள் பேசத் தொடங்கின. அடுத்த கூட்டத்தில் மேலாளர், "ஹெவி லைசன்ஸ் எடுக்கணும்னு முடிவு பண்ணினது நான்தான்," என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.