ஹாலிவுட்டுக்கு ஒரு மொட்டை

சான்டா கிளாராவில் என் வேலை போன பிறகுதான் அந்தச் சினிமா வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் காதல் கதை. பர்மா எல்லையில் ஓர் அமெரிக்க விமானியும் ஒரு நர்ஸும். கூட்டத்தில் நிற்க இந்திய முகங்கள் தேடி அலைந்தவர்கள் என்னைப் பிடித்து ஆம்புலன்ஸ் டிரைவராக்கிவிட்டார்கள். எனக்கு ஒரு வசனமும் இருந்தது. தாமதமாக வந்திறங்கும் விமானியிடம் ஓடிப்போய், "நேற்றுவரை உங்களுக்காகக் காத்திருந்தாள், சார்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டுத்தான் நாயகன் உடைந்து அழுவான்.

சிரிக்காதீர்கள். காலையில் எழுந்தால் போக இடமில்லாதவனுக்கு ஒரு வரி எவ்வளவு பெரிது என்பது வேலை போனவர்களுக்குத் தெரியும். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் என் மகள், அப்பாவுக்கு வேலை போனதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சினிமாவில் நடிப்பதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருந்தாள். அவள் முன்னால் தலை நிமிர்ந்து நடக்க எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

நான் ஓடி வருவதை முதலில் எடுத்தார்கள். வசனம் மறுநாள் என்றார்கள். மறுநாள் டைரக்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். நாயகனுக்கும் நாயகிக்கும் பேச்சே இல்லை. முடிவில் அவள் பிழைப்பதா சாவதா என்று எழுதியவர்களுக்குள் ஒரே சண்டை. ஷூட்டிங் நின்றது. வாரக்கணக்கில் போனைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்தது. வேறு வேலைக்கு அப்ளை பண்ணக்கூடத் தோன்றாமல், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அந்த வசனத்தையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மெயில் வந்தது: திங்கட்கிழமை வா. நான் கத்திய கத்தலில் மனைவி அடுப்படியிலேயே விழுந்து கும்பிட்டாள். பிறகு மெதுவாக வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, படம் மறுபடி ஆரம்பிச்சா உங்களுக்கு மொட்டை போடறேன்னு பழனி முருகனுக்கு வேண்டியிருந்தனுங்க."

வேண்டிக்கொண்டவள் அவள், முடி என்னுடையது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் காரியம் நடந்த பிறகு சாமியைக் காக்கவைக்க மாட்டோம். எனக்குமே பயம்தான், தள்ளிப்போட்டால் படம் மறுபடி நின்றுபோகுமோ என்று. சனிக்கிழமை சலூனில் மழித்துக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். முடியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஊருக்குப் போகும்போது பழனியில் சேர்க்கவென்று அவள் எடுத்து வைத்தாள். ஓடி வரும் காட்சியில் எனக்குத் தலை நிறைய முடி இருந்தது என்பது, சத்தியமாக, எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

திங்கட்கிழமை மேக்கப் போடும் அம்மா என் தலையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். உதவி டைரக்டர் ஓடி வந்தார். சாமிக்கு நேர்ந்துகொண்டது என்று சொன்னேன்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

"இந்தப் படத்துக்குத்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. விக் வைத்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. தொப்பி போட்டுக்கொள்கிறேன், ஓடுவதைத் திரும்ப எடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். புது டைரக்டருக்கு நேரமில்லை. நான் ஓடியதை வெட்டிவிட்டு, அங்கே சும்மா நின்ற ஒருவனுக்கு என் வசனத்தைக் கொடுத்தார்கள். என்னைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், தலை முகமெல்லாம் கட்டுப்போட்டு ஸ்டிரெச்சரில் படுக்க வைத்தார்கள். நீ செத்தவன், மூச்சு விடாதே என்றார்கள். கட்டுக்குள் அழுதேன். பக்கத்தில் அவன் என் வசனத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. படம் வந்தபோது அவள் தோழிகளை இழுத்துக்கொண்டு மில்பிடாஸ் தியேட்டருக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விமானி வந்திறங்கினான். எவனோ பேசினான். நாயகன் அழுதான். ஸ்டிரெச்சர் கடந்து போனது.

"அப்பா, வேர் ஆர் யூ?" என்றாள் காதருகில்.

"இப்பப் போச்சே கண்ணு, ஸ்டிரெச்சர்ல."

"தட்ஸ் ஜஸ்ட் எ டெட் கய்" என்றாள். பிறகு தோழிகள் பக்கம் திரும்பாமல், சீட்டில் சரிந்துகொண்டாள்.

அதற்குள் என் தலையில் முடி பழையபடி வளர்ந்துவிட்டிருந்தது.