திங்கட்கிழமை பார்க்கலாம் என்றவர்

திரு. பக்கிரிசாமி காலமான செய்தி புதன்கிழமை காலை எனக்கு வந்தது. தேக்கா சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். சங்கத் தலைவர் தொலைபேசியில் அழுதார். "நீங்கதான் லா நல்லாத் தமிழ் எழுதுவீங்க. நம்ம சங்கத்து மாத மடலுக்கு அஞ்சலி எழுதிக் குடுங்க சார்" என்றார். மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், குழம்பு வைத்து நிதானமாகச் சாப்பிட்டேன். அவரை அறிந்தவர்கள் கோபித்துக்கொள்ளலாம். அறியாதவர்கள் மேலே படியுங்கள்.

பக்கிரிசாமி அண்ணன் செம்பவாங் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டியவர். எங்கள் சங்கத்துக்குப் பல ஆண்டுகள் செயலாளர். ஆண்டு விருந்தில் என்னை எப்போதும் கழிப்பறைக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைத்தவர். அதைக்கூட நான் மன்னித்துவிட்டேன். ராஜா என்ற மெர்போக் புறாவை அவர் வளர்த்துவந்தார். அது கூவுவதில் பெயர் வாங்கியிருந்ததால், எந்த வீட்டில் எந்தப் பிராணிக்கு என்ன வந்தாலும் எல்லாரும் அவரிடமே கேட்டோம். நானும் கேட்டேன்.

என்னிடம் மிளகு என்று ஒரு கறுப்புக் கடுவன் பூனை இருந்தது. மனைவி பிரிந்துபோன பிறகு வீட்டில் எனக்கு இருந்த ஒரே துணை அதுதான். வீவக என்னும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இல்லாத காலம். ஒரு சனிக்கிழமை காலை அது மணல் தட்டில் ஏறி உட்காருவதும், ஒன்றும் வராமல் இறங்குவதும், மறுபடி ஏறிக் கத்துவதுமாக இருந்தது. அண்ணனை அழைத்தேன்.

"சூடுப்பா. கொஞ்சம் எளநி குடு. இப்பத் தூக்கிட்டு லிஃப்ட்ல எறங்குனா நாலு பேரு பாப்பான், கம்ப்ளெய்ண்ட் போடுவான். திங்கக்கிழம பாக்கலாம் லா, எல்லாம் வேலைக்குப் போயிருவான்."

காத்திருந்தேன். திங்கட்கிழமை காலை மருத்துவர் மேசையில் மிளகு விறைத்துக் கிடந்தது. "சிறுநீர் அடைத்த ஆண் பூனைக்கு ஒரு நாளே அதிகம். சனிக்கிழமையே வந்திருந்தால் பிழைத்திருக்கும்" என்றார் அந்தப் பெண் மருத்துவர். அடுத்த சங்கக் கூட்டத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன சார், பூனைக்குக் கருமாதி எப்ப? சாப்பாடு உண்டுதானே?" எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

பூனைக்கு அனுமதி வந்ததும் ஒரு குட்டியை எடுத்துத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனேன். மிளகைக் கொண்டுபோன அதே விலங்கு மருந்தகம். மூலையில், ஒரு காலில் ஒரு செருப்பும் மறு காலில் வேறொரு செருப்புமாக அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு போர்த்திய கூண்டு.

"என்னண்ணே?"

"காலையிலேருந்து ராஜா கீழ எறங்கி உக்காந்துட்டான்ப்பா. உடம்பெல்லாம் உப்பிப்போய்க் கெடக்கான்."

"திங்கக்கிழம பாக்கலாமே?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பறவ நோவ மறைக்கும் தம்பி. கீழ எறங்கிட்டா அப்புறம் நேரமே இல்ல. ஒடனே தூக்கியாந்துரணும்."

ஆக, அவருக்குத் தெரிந்திருந்தது. காத்திருக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தது. மிளகுக்கு மட்டும்தான் திங்கட்கிழமை.

அடக்கம் முடிந்து, சனிக்கிழமை துக்கம் கேட்கப் போனேன். மாலை போட்ட படத்துக்கு அருகே கூண்டு தொங்கியது. ராஜா மறுபடியும் கூண்டின் தரையில், இறகு உப்பி, கண் மூடிக் கிடந்தது. அண்ணி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "நேத்திலேருந்து தீனியத் தொடல. திங்கக்கிழம பாத்துக்கலாம்ங்கிறாங்க எல்லாரும். நீங்க என்ன சொல்றீங்க தம்பி?"

அந்தச் சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அண்ணன் படத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரை நன்றாகப் பார்த்தேன். பிறகு கூண்டைக் கழற்றி, அவருடைய துண்டையே போர்த்தி, லிஃப்டில் நாலு பேர் பார்க்க இறங்கினேன்.

ராஜா பிழைத்துக்கொண்டது. அதை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணி. இன்று காலை என் சன்னலில் முதல்முறையாகக் கூவியது. கதவுக்கு அந்தப்பக்கம் பூனை காதை நிமிர்த்திக் கேட்டது.

அண்ணே, என் மிளகுக்கு நீங்கள் தராத சனிக்கிழமையை உங்கள் ராஜாவுக்குத் தந்துவிட்டேன். உங்கள்மீது நான் தீர்த்துக்கொள்ளக்கூடிய பெரிய பழி இதுதான். இனி அது என் வீட்டில்தான் கூவும். போய்ச் சேருங்கள்.