வல்லாரைக்கு அடுத்த சொல்

என் மனைவி இலைக்கஞ்சி விற்றாள். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் காலை ஆறு மணிக்கே மேசை போட்டுவிடுவாள். கஞ்சி விற்பதில் எனக்கு வெட்கமில்லை. அவள் கூவி விற்ற விதத்தில்தான் வெட்கம்.

ஒவ்வொரு இலைக்கும் அவளிடம் ஓர் எதுகை இருந்தது. "வல்லாரை குடியுங்கோ, எல்லாரையும் நினையுங்கோ." "தூதுவளை குடிச்சா ஏது களை." வருகிறவர்கள் என்றைக்கும் அதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். இன்றைக்கு என்ன இலை, கசக்குமோ, சீனி வருத்தக்காரர் குடிக்கலாமோ. எல்லாவற்றுக்கும் இப்படியே பாட்டாகப் பதில் சொல்வாள். நான் துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். என்னோடு வேலை செய்தவர்களே சைக்கிளை நிறுத்தி, குடித்து, சிரித்துவிட்டுப் போவார்கள். "என்ன கூத்து இது? இலையின்ரை பேரைச் சொல்லிப்போட்டுக் கஞ்சியை ஊத்தும்" என்று எத்தனையோ தரம் சீறியிருக்கிறேன்.

"நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" என்பாள்.

போன வருடம் அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. கால் மெல்ல மெல்லச் சரியாயிற்று. பேச்சு வரவில்லை. விடாமல் அவளோடு பேசிக் கதை கொடுக்கச் சொன்னார் டொக்டர். எனக்கு எங்கே கதை கொடுக்கத் தெரியும், கேள்வி கேட்கத்தான் தெரியும். கோப்பையைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்பேன். கதிரையைத் தட்டி "இது?" என்பேன். அவள் வாய் கோணும், கண் நிறையும், ஒன்றும் வராது. நானும் சத்தம் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நிற்பேன். இனி அந்தக் குரலைக் கேட்கவே மாட்டேனோ என்று பயம்.

சும்மா இருக்க ஏலாமல் நானே கஞ்சி காய்ச்சத் தொடங்கினேன். அவள் பக்கத்தில் கதிரையில் இருந்து பார்ப்பாள். ஒரு நாள் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, "இண்டைக்கு என்ன இலை, அண்ணை?" என்றாள்.

"வல்லாரை" என்றேன், கந்தோர்க் குரலில்.

"எல்லாரையும்" என்றாள் என் மனைவி. என் கை அகப்பையோடு அப்படியே நின்றது. "நினையுங்கோ" என்று முடித்தாள். குழறல்தான், ஆனால் அவளுடைய குரல்.

புத்தி கெட்டவன், உடனே கோப்பையைக் காட்டி "இது என்ன?" என்றேன். வரவில்லை. "தூதுவளை குடிச்சா" என்றேன். "ஏது களை" என்றாள். வாடிக்கைக்காரி அழுதாள். நான் அழவில்லை என்றால் பொய்.

அதன் பிறகு படலையடியில் நின்று கூவுகிறவன் நான்தான். முதல் பாதியைக் கூவிவிட்டு, மறுபாதிக்காக அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தெருவில் போகிறவர்கள் சிரிக்கட்டும்.

போன கிழமை முருங்கையிலைக் கஞ்சி. அவள் அந்த இலையில் காய்ச்சியதே இல்லை, அதற்கு எதுகையும் இருக்கவில்லை. நானே ஒன்று கட்டினேன். "முருங்கையிலை குடியுங்கோ, முருங்கையிலை நல்ல இலை."

அவள் முகத்தைச் சுளித்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" என்றாள்.

நான் போகவில்லை.